கோலாலம்பூர் – பினாங்கு: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் சரியாகக் கணக்கிடுவது எப்படி?

கோலாலம்பூரிலிருந்து பினாங்கிற்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான் என்று நம்மில் பலரும் வாய்ப்பாடு போலச் சொல்வோம். பயணச்சீட்டிலும் ஏறக்குறைய அதுவே அச்சாகியிருக்கும். ஆனால் வீட்டுக் கதவைப் பூட்டிய நேரத்திலிருந்து, பினாங்கில் போய்ச் சேர வேண்டிய வாசலை மிதிக்கும் நேரம் வரை எண்ணிப் பார்த்தால், நான்கு மணி நேரம் கடந்திருப்பது சாதாரணம். முகூர்த்தத்திற்கோ, இறுதிச் சடங்கிற்கோ, மருத்துவமனையில் முன்பதிவு செய்த நேரத்திற்கோ புறப்படுகிறவர்கள் சீட்டிலுள்ள அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் நம்பினால், வயதானவர்களையும் குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய நிலை வருகிறது. அதைத் தவிர்க்கக் கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் போட்டுப் பார்த்தால் போதும்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். இணையத்தில் தேடினால் கோலாலம்பூருக்கும் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 295 கிலோமீட்டர் என்று வரும். நகரத்தின் நடுவிலிருந்து நகரத்தின் நடுவுக்கு நேர்கோடு இழுத்தால் கிடைக்கும் அளவு அது. விமானமோ நகரத்தின் நடுவிலிருந்து கிளம்புவதில்லை. 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் (கேஎல்ஐஏ) நகருக்குத் தெற்கே செபாங்கில் இருக்கிறது. பினாங்கோ வடமேற்கே இருக்கிறது. வடக்கே போக விரும்பும் நாம் முதலில் தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இறங்கிப் போய், அங்கிருந்து விமானம் ஏறி, கடந்து வந்த தூரத்தையே மறுபடியும் வானில் கடக்கிறோம். அதனால் கணக்கிட வேண்டியது இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைத்தான்.

அதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கைப்பேசியிலுள்ள கணக்குப் பொறி போதும். வரைபடத்தில் விமான நிலையத்தை அழுத்திப் பிடித்தால் அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரியும். செபாங் நிலையம் வடக்கு 2.75 பாகை, கிழக்கு 101.71 பாகை. பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்கு நிலையம் வடக்கு 5.30 பாகை, கிழக்கு 100.28 பாகை. வடக்குத் தெற்காக வேறுபாடு 2.55 பாகை; கிழக்கு மேற்காக 1.43 பாகை. ஒரு பாகை அட்சரேகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தீர்க்கரேகைப் பாகையின் நீளம் துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும் என்றாலும், தீபகற்ப மலேசியா பூமத்திய ரேகையை ஒட்டியே இருப்பதால் அதற்கும் 111 என்றே வைத்துக்கொள்வதில் பெரிய பிழை நேராது. இரண்டையும் பெருக்கினால் 283 கிலோமீட்டரும் 159 கிலோமீட்டரும் வரும். பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றப்படி இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் விடை ஏறத்தாழ 325 கிலோமீட்டர். கடல் மைலில் சொல்வதானால் 175. அந்த நேர்கோட்டை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் அது தெலுக் இந்தானை ஒட்டிச் சென்று, பேராக் கடலோரத்தைத் தொட்டவாறு தீவை அடைவதைக் காணலாம். இதே முறையில், நகருக்கு அருகிலுள்ள சிறிய சுபாங் விமான நிலையத்திலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 280 கிலோமீட்டர்தான் வரும்.

இந்த முறை இங்கிருந்து சிங்கப்பூர், மேடான், கோத்தா பாரு போன்ற அருகிலுள்ள ஊர்களுக்கு நன்றாகவே பொருந்தும். சென்னை போலத் தொலைவில் இருக்கும் ஊருக்குக் கிழக்கு மேற்கு வேறுபாட்டைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். செபாங்கிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வானில் செலவாகும் நேரம்

அடுத்ததாக நேரம். இந்த வழித்தடத்தில் பறக்கும் போயிங் 737-800, ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 830 முதல் 840 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியவை. 325 கிலோமீட்டரை அந்த வேகத்தால் வகுத்தால் 24 நிமிடத்திற்கும் குறைவாகத்தான் வரும். அப்படியிருக்க அட்டவணையில் ஏன் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது.

முதல் காரணம், விமானம் அந்த வேகத்தை எட்டுவதற்குள் பாதி வழி போய்விடுகிறது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்திற்கு மேல் பறக்கக்கூடாது என்பது வான்பயண விதி. அது மணிக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். மேலே ஏறுவதற்கு ஏறக்குறைய கால் மணி நேரம் பிடிக்கும். இறங்குவதற்கும் முன்கூட்டியே தொடங்க வேண்டும்: 1,000 அடி இறங்க மூன்று கடல் மைல் தேவை என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் எளிய கணக்கு. 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தால், தரையிறங்க 72 கடல் மைலுக்கு முன்பே, அதாவது 130 கிலோமீட்டருக்கு முன்பே, மூக்கைத் தாழ்த்தத் தொடங்கியாக வேண்டும். ஏறுவதற்கு ஏறத்தாழ அதே அளவு, இறங்குவதற்கு அவ்வளவு என்று கழித்துவிட்டால், சமமாகப் பறக்கும் தூரம் மிகவும் சொற்பமே. இருக்கைப் பட்டி விளக்கு அணைந்து, பணியாளர்கள் தள்ளுவண்டியை நடைபாதையில் பாதி தூரம் கொண்டு வந்திருக்கும்போதே, தரையிறங்கத் தயாராகும்படி அறிவிப்பு வருவது இதனால்தான். கழிப்பறைக்குப் போக வேண்டிய முதியவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே போய்விட்டு வருவது நல்லது. வானில் அதற்குக் கிடைக்கும் அவகாசம் பத்து நிமிடம்கூட இராது.

இரண்டாவது காரணம், அட்டவணையில் உள்ள நேரம் பறக்கும் நேரம் அன்று. விமானம் வாயிலை விட்டுப் பின்னால் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, போய்ச் சேரும் இடத்தில் வாயிலில் நிற்கும் கணம் வரைக்கும் உள்ள நேரம் அது. செபாங் நிலையம் பரந்து விரிந்தது, ஓடுபாதை மூன்று. வாயிலிலிருந்து ஓடுபாதையின் முனைக்குத் தரையில் ஊர்ந்து போகவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். அத்துடன் திசையும் சேர்ந்துகொள்கிறது. செபாங்கின் ஓடுபாதைகள் வடமேற்கு – தென்கிழக்காக அமைந்தவை. பினாங்கும் அங்கிருந்து வடமேற்கில்தான் இருக்கிறது. காற்று ஒத்துழைத்து விமானம் வடமேற்கு நோக்கி எழும்பினால் அது கிட்டத்தட்டப் பினாங்கைப் பார்த்தபடியே கிளம்புகிறது. தென்கிழக்கு நோக்கி எழும்ப நேர்ந்தால் ஒரு பெரிய வளைவு எடுத்துத் திரும்பி வர வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும். பினாங்கிலும் அப்படியே: அங்குள்ள ஒரே ஓடுபாதைக்கு ஒரு நாள் தென்மேற்குக் கடற்பக்கமிருந்து இறங்குவார்கள், இன்னொரு நாள் தீவைத் தாண்டிப் போய்ப் பாலத்தின் பக்கமிருந்து திரும்பி இறங்குவார்கள். இவை எல்லாம் சேர்ந்து, வானில் 40 முதல் 45 நிமிடம், அட்டவணையில் 55 நிமிடம் முதல் 1 மணி 5 நிமிடம் வரை என்று வருகிறது.

எளிய சூத்திரம் ஒன்று சொல்லலாம். ஜெட் விமானமானால், தூரத்தை 800ஆல் வகுத்து வரும் மணி நேரத்துடன் அரை மணி நேரம் கூட்டுங்கள். பினாங்கிற்கு 24 நிமிடத்துடன் 30 நிமிடம் சேர்ந்து 54 நிமிடம். கோத்தா கினபாலுவுக்கு ஏறத்தாழ 1,630 கிலோமீட்டர் என்பதால் இரண்டு மணி நேரத்துடன் அரை மணி நேரம். சென்னைக்கு மூன்றே கால் மணி நேரத்துடன் அரை மணி நேரம். உண்மையான அட்டவணை இதிலிருந்து பத்து நிமிடம் அப்படியோ இப்படியோதான் விலகும். சுபாங்கிலிருந்து பறக்கும் ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானங்களின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் என்றாலும், குறுகிய தூரத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. அவற்றின் அட்டவணையிலும் ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்குச் சீட்டு எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், சென்னையிலிருந்து புறப்படும் நேரத்தையும் இங்கு வந்து இறங்கும் நேரத்தையும் அப்படியே கழித்தால் ஆறு மணி நேரத்திற்கு மேல் வரும். பறப்பது நான்கு மணி நேரத்திற்கும் குறைவே. இணைப்பு விமானத்தில் பினாங்கு போகிறவர்கள் இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

வாசலிலிருந்து வாசலுக்கு

வழிகாட்டியின் முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டோம். பினாங்கு மாநிலம் என்பது தீவும் செபராங் பிறையும் சேர்ந்த இரண்டு நிலப்பகுதிகள். விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. ஆகவே உங்கள் வீடு எங்கே இருக்கிறது, போய்ச் சேர வேண்டிய இடம் எந்தக் கரையில் இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் விமானம் லாபமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் ஒரு குடும்பம் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். கேஎல் சென்ட்ரலிலிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடந்து முதல் முனையத்தை அடைகிறது; இரண்டாம் முனையத்திற்கு 33 நிமிடம். ரயிலுக்குக் காத்திருப்பது, நிலையத்திற்கு நடப்பது எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். உள்நாட்டுப் பயணமானாலும் புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருவதே முறை. பெட்டி ஒப்படைக்கும் முகப்பு பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். பிறகு விமானத்தில் ஒரு மணி நேரம். இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர 25 நிமிடம். பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர்தான் என்றாலும், கிராப் வாடகைக் கார் கிடைத்து, நெரிசலைக் கடந்து போக முக்கால் மணி நேரமாவது வேண்டும். கூட்டிப் பார்த்தால் 4 மணி 25 நிமிடம்.

அதே குடும்பம் அதே கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயில் ஏறினால், பட்டர்வொர்த்தில் நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகையில் இறங்கலாம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே பெரி என்னும் பயணிகள் படகின் துறைக்குப் போய், கால் மணி நேரத்தில் கடலைக் கடந்தால், அக்கரையில் லிட்டில் இந்தியா பத்து நிமிட நடைதான். முன்னதாகப் போவது, பெரிக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஐந்தே கால் மணி நேரம். விமானத்தைவிட ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகத்தான் கூடுகிறது. அதற்குப் பதிலாக மூன்று இடங்களில் வரிசையில் நிற்கும் அலைச்சல் இல்லை. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் வேலை இருப்பவர்களுக்கு ரயில்தான் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். விமானத்தில் தீவுக்குப் போய், மறுபடியும் பாலத்தைக் கடந்து பெருநிலத்திற்குத் திரும்புவதில் பொருளே இல்லை. பண்டிகைக் காலத்தில் ரயில் சீட்டு வெகு சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிடும் என்பது மட்டுமே இதிலுள்ள குறை.

பாயான் லெப்பாஸ், பத்து மாவுங், பாயான் பாரு பக்கம் போகிறவர்களுக்கு நிலைமை நேர்மாறானது. நிலையத்தை விட்டு வெளியே வந்த கால் மணி நேரத்தில் இடத்தை அடைந்துவிடலாம் என்பதால் விமானம் தெளிவாக முந்துகிறது. அதுபோலவே, நீலாய், சிரம்பான், பந்திங் வட்டாரத்தில் வசிப்பவர்களுக்குச் செபாங் பக்கம் என்பதால் விமானமே வசதி. கிள்ளான், ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா மக்கள் முதலில் சுபாங்கிலிருந்து சேவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய நிலையம் என்பதால் நடையும் குறைவு, காத்திருப்பும் குறைவு. சீட்டின் விலை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும், செபாங்கிற்குப் போகும் கிராப் கட்டணத்தையும் டோலையும் கூட்டிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

ரவாங், செலாயாங், பத்துமலைப் பக்கம் இருப்பவர்கள் காரில் போவதையே நான் பரிந்துரைப்பேன். செபாங்கிற்குப் போய்ச் சேரும் நேரத்திற்குள் அவர்கள் பிளஸ் நெடுஞ்சாலையில் வடக்கே நெடுந்தூரம் போயிருப்பார்கள். கோலாலம்பூரிலிருந்து ஜார்ஜ்டவுன் சாலை வழியாக ஏறத்தாழ 355 கிலோமீட்டர். 110 கிலோமீட்டர் வேக வரம்பைக் காத்து, ஓரிடத்தில் இளைப்பாறிப் போனால் நான்கரை மணி நேரம். தீவின் தெற்குப் பகுதிக்குப் போகிறவர்கள் 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலத்தை விட்டுவிட்டு, பத்து காவானில் தொடங்கிப் பத்து மாவுங்கில் முடியும் இரண்டாம் பாலத்தில் போவது நல்லது. 2014இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 24 கிலோமீட்டர் நீளமானாலும் நெரிசல் குறைவு. பெருநாள் தொடக்கத்தில் தாப்பா, மெனோரா சுரங்கம், ஜூரு ஆகிய இடங்களில் வாகனங்கள் அடைத்து நிற்கும் என்பதால் அந்த நாள்களில் மட்டும் கார்க் கணக்கு எடுபடாது.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

பயணத்தைத் திட்டமிடும்போது புறப்படும் நேரத்திலிருந்து முன்னோக்கி எண்ணுவது வழக்கம். போய்ச் சேர வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதே பாதுகாப்பானது. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்தில் காலை பத்தரை மணிக்குத் திருமணம், பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று கொள்வோம். ஒன்பது மணிக்கு விமான நிலையத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். எட்டரைக்கு விமானம் வாயிலில் நிற்க வேண்டும். தாமதத்திற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஏழரைக்கு வந்து சேரும் விமானத்தைத்தான் எடுக்க வேண்டும்; அது ஆறரைக்குப் புறப்படுவது. அதற்கு ஐந்து மணிக்குச் செபாங்கில் இருக்க வேண்டும். கேஎல் சென்ட்ரலில் முதல் எக்ஸ்பிரஸ் ரயில் கிளம்புவதே ஐந்து மணி வாக்கில்தான் என்பதால், ரயில் இந்தக் கணக்கில் உதவாது; நான்கு மணிக்கெல்லாம் கிராப் பிடிக்க வேண்டும். மூன்று மணிக்கு எழுந்து, பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாகப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போவது முடியாத காரியமில்லை. ஆனால் எண்ணிப் பார்த்த பிறகு, முந்தின நாள் மாலையே போய்த் தங்கிவிடுவது எல்லாருக்கும் நிம்மதி என்று நீங்களே முடிவு செய்வீர்கள்.

தாமதத்திற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. குறுந்தூர விமானம் ஒரே நாளில் பல முறை போய்த் திரும்பும். காலையில் ஏற்படும் பத்து நிமிடத் தாமதம் அடுத்தடுத்த பயணங்களில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் காலையின் முதல் விமானமே பெரும்பாலும் நேரத்திற்குக் கிளம்பும். மழையும் ஒரு காரணம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. பினாங்கில் ஓடுபாதை ஒன்றே என்பதால், மழை கொட்டும்போது விமானங்கள் வானிலேயே வட்டமிட்டுக் காத்திருக்க நேரிடும். இந்த மாதங்களில் முக்கியமான காரியத்திற்குப் பிற்பகல் விமானத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தொட்டால் உணவு வழங்குவது விமான நிறுவனத்தின் கடமை. ஐந்து மணி நேரத்தைத் தொட்டால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முகப்பில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இரதம் புறப்படும் நாளிலும் தைப்பூச நாளிலும் ஜார்ஜ்டவுனில் பல சாலைகள் மூடப்பட்டிருக்கும். விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம் என்ற கணக்கை அன்று இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். கிராப் கோயிலுக்கு வெகு முன்னதாகவே இறக்கிவிடும் என்பதால், அங்கிருந்து நடக்கும் நேரத்தையும், அதன் பிறகு ஏற வேண்டிய 500க்கும் மேற்பட்ட படிகளுக்கான நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் பயணத்திற்கும் இதே கணக்குதான். மாலை நேரத்தில் ஜார்ஜ்டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் போகும் சாலை நெரிசலாக இருக்கும் என்பதால், விமானம் புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டரை மணி நேரம் முன்பே ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். இரவு கடைசி விமானத்தில் வருகிறவர்கள், அது தாமதமானால் எக்ஸ்பிரஸ் ரயில் கிடைக்குமா என்பதை முன்பே பார்த்து வைத்துக்கொள்வதும், இல்லையேல் யார் வந்து அழைத்துப் போவார்கள் என்று பேசி வைப்பதும் அவசியம். உள்நாட்டுப் பயணம் என்பதால் மைகாட் அடையாள அட்டை போதும், குழந்தைகளுக்கு மைகிட் அட்டை. இந்தியாவிலிருந்து வந்திருக்கும் உறவினர்கள் உடன் வந்தால் அவர்கள் கடப்பிதழைப் பெட்டிக்குள் வைக்காமல் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.